மச்சாள் நீக்கிய துண்டு

உடுவில் சந்தியில், மின்கம்பத்துக்கும் சைக்கிள் கடைத் தகரத்துக்கும் இடையில் இழுத்துக் கட்டியிருந்த அந்தப் பதாகை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இடது பக்கத்தில் செம்பட்டை மயிரும் சோர்ந்த கண்களுமாக ஓர் ஒராங்குட்டான். வலது பக்கத்தில் பட்டுச்சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக என் மச்சாள். இரண்டு படமும் ஒரே அளவு. இரண்டையும் சுற்றி ஒரே மாதிரியான பூ வளையம். நடுவில் 'மண்ணின் மகளை மனமார வாழ்த்துகிறோம்' என்று சிவப்பில் கொட்டை எழுத்து. கட்டியவர்கள் எங்கள் ஊர் வாசிகசாலைக்காரர். கீழே வாசிகசாலையின் பெயரும் தலைவரின் பெயரும் செயலாளரின் பெயரும் இருந்தன. மச்சாளின் பெயர் மட்டும் இடம் போதாமல் விடுபட்டிருந்தது. பஸ்ஸில் போனவர்கள் யன்னலால் தலையை நீட்டி, இந்த இரண்டு பேரில் மண்ணின் மகள் யார் என்று பார்த்துக்கொண்டு போனார்கள். மச்சாள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஆறுதலாக அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு பேரிலையும் அதுதான் வடிவாய் விழுந்திருக்கு," என்று குரங்கைக் காட்டிச் சொல்லிவிட்டு, சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. கோபத்தையும் அடக்கத் தெரியாது.

நான் பிறந்ததிலிருந்தே அவர் எனக்கு மச்சாள்தான். என் தாய்மாமனின் மகள். பிறகு அவருடைய தம்பியை நான் கட்டினேன், என் அண்ணையை அவர் கட்டினார். ஆக மூன்று வழியில் மச்சாள். எங்கள் குடும்பத்தில் இது ஒரு புதினமே இல்லை. உடுவிலில் இருந்து உரும்பிராய்க்கும் உரும்பிராயில் இருந்து உடுவிலுக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து, யாரைத் தாய்வழி என்பது யாரைத் தகப்பன்வழி என்பது என்று கேட்டால் ஒருவருக்கும் சட்டென்று பதில் வராது. எந்த வழியால் போனாலும் கடைசியில் ஒரே வளவுக்குள்தான் போய் நிற்போம். பல்கலைக்கழகத்தில் அவர் விலங்கியல் துறையில் முதுநிலை விரிவுரையாளர். நான் கணினிப் பிரிவில் இருந்தேன். மாணவர்களுக்கு முன்னால் அவரை 'மேடம்' என்று கூப்பிடுவேன். வாசல் காவலாளியைத் தாண்டியதும் அது மச்சாளாகிவிடும். அவர் என்னை எங்கேயும் 'நீர்' என்றுதான் சொல்வார், அதில் ஒரு மாற்றமும் இல்லை.

மச்சாளிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம், ஆசையை மறைக்காதது. எங்கள் பக்கத்துப் படித்த பெண்கள் பதவி ஆசை இருந்தாலும் இல்லாத மாதிரித்தான் கதைப்பார்கள். தானாக வந்தால் பார்ப்பம் என்பார்கள். மச்சாள் அப்படியில்லை. "எனக்குப் பேராசிரியர் பதவி வேணும் காணும். அதுக்கு ஏன் நான் வெக்கப்படவேணும்?" என்று துறைத் தலைவர் இருக்கும்போதே சொல்வார். அவரோடு படித்தவர்கள் வெளிநாடுகளில் பெரிய ஆட்களாகிவிட்டார்கள். இவர் ஊரில் நின்றார். இடம்பெயர்ந்து போய் ஆய்வுகூடமே இல்லாமல் இருந்த காலம், திரும்பி வந்து உடைந்த நுணுக்குக்காட்டிகளைத் துடைத்து வைத்துப் படிப்பித்த காலம் எல்லாம் கழிந்து, ஓய்வு வயது கிட்ட வந்துவிட்டது. விண்ணப்பிக்க இன்னும் ஒரு சந்தர்ப்பம்தான் இருந்தது. படிப்பித்தது எல்லாம் சரி, நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்றுதான் நேர்முகத்தில் கேட்பார்கள். காட்டுவதற்கு ஒன்று வேண்டும். அந்த ஒன்றாகத்தான் ஒராங்குட்டான் வந்தது.

அந்த ஒராங்குட்டானை நாங்கள் ஒருவரும் நேரில் கண்டதில்லை. அது எங்கோ ஒரு தூரதேசத்து விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த பெண் குரங்கு. மருத்துவப் பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தில் கொஞ்சம் ஆய்வுக்கு வந்தது. மனிதனுக்குக் கிட்டிய உறவான இந்தப் பெரிய குரங்குகளின் ஜீனோமை, அதாவது உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் எழுதியிருக்கும் முழுப் பரம்பரைச் செய்தியையும், தலைமாட்டில் இருந்து கால்மாடு வரை விடுபடாமல் வாசித்து முடிப்பது என்று பல நாடுகளின் குழுக்கள் சேர்ந்து வேலை தொடங்கியிருந்தன. வாசிக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. வாசித்ததை ஒட்டுவதுதான் எங்கள் வேலை. இயந்திரம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்காது. ஒரே நாள் பத்திரிகையின் பல பிரதிகளைக் கண்டபடி கிழித்துக் குவித்துவிட்டு, துண்டுகளின் ஓரங்களில் பொருந்தும் வசனங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு முழுப் பத்திரிகையை ஒட்டி எடுங்கள் என்றால் எப்படி இருக்கும், அப்படி. முந்திய காலத்தில் மனிதனின் ஜீனோமைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக் குரங்கின் துண்டுகளை அடுக்கினார்களாம். அப்படி அடுக்கினால் குரங்கும் மனிதனைப் போலத்தான் வந்து முடியும். "பாத்து எழுதின சோதினையிலை பக்கத்திலை இருந்தவன்ரை பிழையும் சேந்து வரும்," என்பார் மச்சாள். இந்த முறை மனிதனைப் பார்க்காமல், குரங்கின் துண்டுகளை மட்டும் வைத்து ஒட்ட வேண்டும் என்பது விதி.

எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு இதில் பங்கு கிடைத்ததற்கு ஆடுகள்தான் காரணம். அதற்கு முன் மச்சாளும் நானும் தீவுப் பக்கத்து ஆட்டு இனம் ஒன்றின் ஜீனோமை ஒட்டி முடித்திருந்தோம். கையிலிருந்த பழைய கணினிகளை வைத்துக்கொண்டு செய்த அந்த வேலையின் சுத்தத்தைப் பார்த்துத்தான் வெளியாட்கள் எங்களைக் கூப்பிட்டார்கள். குரங்கின் நிறமூர்த்தங்களில், அதாவது குரோமோசோம்களில், சிலதை எங்களிடம் ஒப்படைத்தார்கள். கணினி ஒட்டித் தருவதை அப்படியே ஏற்காமல், கண்ணால் பார்த்து, சந்தேகமான மூட்டுகளைப் பிரித்து, திரும்பவும் பொருத்துகிற வேலை அது. மச்சாள் அதில் மகா கெட்டிக்காரி. அவர் திரையில் ஒரு படத்தைப் பார்க்கிற விதத்தை வைத்தே அது சரியா பிழையா என்று நான் சொல்லிவிடுவேன். சரியென்றால் பால் விடாத பிளேன்ரீயைக் குடிப்பார். பிழையென்றால் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுப்பார்.

அப்படி ஒட்டிக்கொண்டு போகும்போதுதான் அந்த இடம் வந்தது. நாக்கில் கசப்பை உணர்வதற்கான பரம்பரையலகுகள், அதாவது ஜீன்கள், சில கூட்டங்கூட்டமாக இருக்கும். எங்களிடம் வந்த நிறமூர்த்தம் ஒன்றில், மனிதனுக்கு ஒரு கூட்டம் இருக்கும் இடத்தில், ஒராங்குட்டானுக்கு இரண்டு கூட்டங்கள் அடுத்தடுத்து நின்றன. ஒன்றைப் போலவே மற்றது, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. காட்டில் எத்தனையோ வகைப் பழமும் இலையும் பட்டையும் தின்கிற பிராணி, நஞ்சு எது நல்லது எது என்று அறிய எங்களைவிட இரட்டிப்பு நாக்கு அதற்கு வேண்டியிருக்கிறது என்று மச்சாள் எழுதினார். வாசிக்கிறவர்கள் மனதில் உடனே பதிகிற விசயம். பல குழுக்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில் எங்கள் பகுதியைத்தான் எல்லாரும் எடுத்துக் கதைத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்தது. பாகற்காய் விற்கிற சுன்னாகம் சந்தைக்காரி ஒருத்தி, "ரீச்சர், உங்கடை குரங்குக்கு இது ஒத்துவராது என்ன?" என்று கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் சந்தியில் பதாகை ஏறியது. வாசிகசாலையின் ஆண்டு விழாவில் மச்சாளுக்குப் பொன்னாடை போர்த்துவது என்றும் முடிவானது. பேராசிரியர் விண்ணப்பத்தின் முதல் வரியில் அந்தக் கண்டுபிடிப்பு போனது.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு கலியாணம் வந்தது. கொழும்பில் வேலை செய்த என் மகன் கண்டிப் பக்கத்துச் சிங்களக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை விரும்பினான். நாலைந்து தலைமுறையாக மச்சான் மச்சாளைக் கட்டிய குடும்பத்தில் வெளியே இருந்து வந்த முதல் மருமகள். கொஞ்சக் காலம் ஆளுக்காள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தோம், பிறகு அவளைக் கண்டதும் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நாங்கள் தமிழில் அழைப்பிதழ் அடித்தோம். பெண் வீட்டார் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேறொன்று அடித்தார்கள். எங்களுடையதில் மகனை வீட்டில் கூப்பிடுகிற பெயரோடு போட்டிருந்தோம், அவர்களுடையதில் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ள முழுப் பெயர். பெண்ணின் பெயரும் அப்படியே. மருமகள் நல்ல பிள்ளை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களையும் மதிக்க வேண்டும் என்று தங்கள் அழைப்பிதழையும் எல்லாருக்கும் தபாலில் அனுப்பிவிட்டாள்.

உரும்பிராயில் இருந்து என் பெரியம்மா தொலைபேசி எடுத்தா. நான் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். மச்சாளும் பக்கத்தில் இருந்தார். "பிள்ளை, ரெண்டு காட் வந்திருக்கு. உன்ரை பெடியன்ரை கலியாணத்துக்கு வாறன். மற்றது ஆற்றை எண்டு தெரியேல்லை, அதுக்கு என்னாலை அலைய ஏலாது. ஆரெண்டு கேட்டு மன்னிப்புச் சொல்லிவிடு," என்றா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெரியம்மாவைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றுதான், அழைப்பிதழும் ஒன்றுதான். என் கலியாணத்துக்கும் மச்சாளின் கலியாணத்துக்கும் ஒவ்வொன்றே அடித்தோம். இரண்டு வந்தால் இரண்டு கலியாணம் என்பதுதான் அவ கண்ட வழக்கம். "இல்லைப் பெரியம்மா, ரெண்டும் ஒரே கலியாணந்தான். ஒண்டு எங்கடை, மற்றது பொம்பிளை வீட்டார்ரை," என்று விளங்கப்படுத்தினேன். நிமிர்ந்து பார்த்தால், மச்சாள் சிரிக்கவில்லை. கையில் பாதி உரித்த வெங்காயத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிக் கையைக் கழுவினார். "நான் ஒருக்கா கம்பஸுக்குப் போட்டு வாறன்," என்றார். ஞாயிற்றுக்கிழமை.

இந்தக் கதையை நான் யாருக்காவது சொன்னால் மச்சாளுக்குக் கோபம் வரும். பெரியம்மாவின் அழைப்பிதழில் ஒன்றும் இல்லையாம், சந்தேகம் தனக்கு முன்னமே இருந்ததாம், அந்த இடத்து வரைபடம்தான் காட்டிக்கொடுத்ததாம். இருக்கட்டும். வெங்காயத்தை யார் கடைசியில் உரித்து முடித்தது என்று எனக்குத் தெரியும்.

என்ன சந்தேகம் என்பதை எனக்கு விளங்கின அளவில் சொல்கிறேன். ஒவ்வொரு பிராணியிலும் ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரண்டு பிரதியாக இருக்கும், தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் ஒட்டும்போது ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் படிந்துவிடும். தாயின் பிரதியும் தகப்பனின் பிரதியும் ஓரிடத்தில் நன்றாக வேறுபட்டால், கணினி அவற்றை ஒரே இடத்தின் இரண்டு பிரதிகள் என்று அறியாமல், இரண்டு வெவ்வேறு இடங்கள் என்று நினைத்து அடுத்தடுத்து வைத்து ஒட்டிவிடும். இதைத் தடுப்பதற்கென்றே ஒரு படி உண்டு. மேலதிகமாக வந்ததைக் கண்டுபிடித்துப் பிடுங்கி எறிகிற அந்தப் படிக்கு மச்சாள் 'களையெடுப்பு' என்று பெயர் வைத்திருந்தார். ஆட்டு வேலை செய்தபோது அந்தப் படி எங்களுக்கு வில்லங்கமாக இருந்தது. தீவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கலந்த ஆடுகள்; தாயும் தகப்பனும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. களையென்று ஒன்றும் இல்லாத இடத்தில் அது பயிரைப் பிடுங்கியது. அதனால் அந்தப் படியை எடுத்துவிட்டோம். அந்தப் பழக்கத்திலேயே குரங்குக்கும் வந்தோம். தாயும் தகப்பனும் வேறு வேறாக இருக்கக்கூடும் என்பது எங்கள் ஆடுகளுக்கும் தெரியாது, எங்கள் வீட்டுக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவருக்குப் பின்னால் போனேன். மச்சாள் முதலில் பார்த்தது, ஒவ்வொரு இடமும் எத்தனை தரம் வாசிக்கப்பட்டது என்று காட்டும் கோட்டை. நிறமூர்த்தம் முழுக்க ஒரே உயரத்தில் போன கோடு, அந்த இரண்டு கூட்டங்கள் வரும் இடத்தில் மட்டும் பாதியாக இறங்கி, பிறகு ஏறியது. உண்மையில் இரண்டு இடங்கள் என்றால் இரண்டிலும் முழு உயரம் இருக்க வேண்டும். ஒரே இடத்துக்கு வந்த வாசிப்புகளை இரண்டாகப் பங்கு போட்டால்தான் பாதி வரும். அந்தப் பள்ளத்தை நாங்கள் முன்னமும் கண்டிருந்தோம். ஒரே மாதிரியான எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் இயந்திரம் தடுமாறும், அதனால் என்று எழுதிவிட்டுத் தாண்டியிருந்தோம். எங்கள் கட்டுரையை மதிப்பிட்டவர்களும் அதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். "ஆசைப்பட்டு ஒண்டைப் பாத்தால் பள்ளமும் மேடாய்த்தான் தெரியும்," என்றார் மச்சாள். எங்கள் எல்லாரையும் சேர்த்து அவர் சொல்லவில்லை. தன்னைத்தான் சொன்னார்.

அவருக்கு அது போதவில்லை. பாதி உயரம் ஒரு குறிப்புத்தான், சாட்சியல்ல என்றார். அந்த ஒராங்குட்டானின் தாய் இன்னும் உயிரோடு இருந்தது. அதன் இரத்தத்தையும் வேறொரு தேவைக்காக வாசித்து வைத்திருந்தார்கள். மச்சாள் அந்த வாசிப்பைக் கேட்டு எடுப்பித்தார். இரண்டு கூட்டங்களும் உண்மையாகவே அடுத்தடுத்து ஒரே நிறமூர்த்தத்தில் இருந்தால், அதைத் தாய் கொடுத்திருந்தால் இரண்டும் தாயிடம் இருக்கும், தகப்பன் கொடுத்திருந்தால் இரண்டும் தகப்பனுடையதாக இருக்கும். ஒன்று தாயுடையது மற்றது தகப்பனுடையது என்று வந்தால் கதை முடிந்தது. நாங்கள் அந்த வாசிப்பை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். முதற் கூட்டத்தின் எழுத்துகள் எல்லாம் தாயின் இரத்தத்தில் இருந்தன. இரண்டாம் கூட்டத்துக்கே உரிய எழுத்துகளில் ஒன்றுகூட இல்லை. மச்சாள் பிளேன்ரீக் கோப்பையைத் தள்ளி வைத்தார், ஆனால் கதிரையை முன்னுக்கு இழுக்கவில்லை. பின்னுக்குச் சாய்ந்தார். விலங்குக்காட்சிச் சாலைக்காரரிடம் விசாரித்தபோது, தகப்பன் குரங்கு எந்தத் தீவில் பிடிபட்டது என்று சரியாகத் தெரியாது என்றார்கள். முந்தி போர்ணியோக் குரங்கையும் சுமாத்திராக் குரங்கையும் ஒன்றென்று நினைத்து ஒரே கூட்டில் விட்ட காலம் ஒன்று இருந்ததாம். தாய் ஒரு தீவு, தகப்பன் வேறொரு தீவு என்றுதான் இருக்க வேண்டும். நாங்கள் கண்டது இரட்டிப்புக் கசப்பு அல்ல, ஒரு கலப்புக் கலியாணம்.

துறைத் தலைவர் நல்ல மனிதர். அவரைக் கெட்டவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. மச்சாள் போய்ச் சொன்னதும் அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் கதைத்தார். "மேடம், ஆரும் உங்களைக் கேக்கேல்லை. கட்டுரை வெளிவந்திட்டுது. நேர்முகம் கிட்டடியிலை வருது. அது முடிஞ்சாப்பிறகு ஆறுதலாய்த் திருத்தலாந்தானே. பொய் சொல்லச் சொல்லேல்லை, கொஞ்சம் பொறுக்கத்தானே சொல்லுறன்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது என்று சொல்ல வேண்டும். மச்சாள் எவ்வளவு காலம் காத்திருந்த பதவி என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் குரங்கு என்ன கோபிக்கவா போகிறது? மச்சாள் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார். இடையில் வெட்டாமல் அவர் ஒருவர் சொல்வதைக் கேட்டது எனக்குத் தெரிய அதுதான் முதல் தரம். பிறகு சொன்னார், "சேர், நான் பொறுக்கலாம். ஆனால் இதைப் பாத்து இன்னொருத்தன் இண்டைக்கு வேலை துவங்கியிருப்பான். அவனுக்கு ஆர் பொறுக்கச் சொல்லுறது?" அறைக்கு வந்து, சேர்ந்து எழுதிய குழுக்கள் எல்லாவற்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். பிழை எங்கே, ஏன் வந்தது, எந்தப் படியை நாங்கள் எடுத்துவிட்டோம், எப்படித் தெரிந்தது என்று ஒன்றும் விடாமல் எழுதினார். 'எங்கள் குழு' என்று நான் எழுதிக் கொடுத்த இடத்தில் எல்லாம் 'நான்' என்று மாற்றினார். அனுப்புவதற்கு முன் என் பக்கம் திரும்பி, "பயமாய்த்தான் இருக்குது காணும்," என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். அந்த வேளையில் அவரைப் போல ஓர் ஆள் எனக்கு மூன்று வழியில் சொந்தம் என்பதில் வந்த பெருமையை நான் இதுவரை அவரிடம் சொன்னதில்லை, சொன்னால் கேலி செய்வார்.

ஆண்டு விழாவும் அந்தக் கிழமைக்குள்ளேயே வந்தது. வாசிகசாலைத் தலைவரிடம் போய் வேண்டாம் என்று சொல்லலாம் என்றேன். "பதாகை சந்தியிலை கட்டினவை. உண்மையை மட்டும் ஏன் தலைவர்ரை காதுக்குள்ளை சொல்லவேணும்?" என்று கேட்டார். அப்படியே பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு போனார். கதிரை நிரம்பிய கூட்டம். முன் வரிசையில் அண்ணை, எனக்குப் பக்கத்தில் பெரியம்மா. சிறுவர் நடனம் முடிந்து, மச்சாளை மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடையோடு தலைவர் கிட்ட வர, மச்சாள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை எடுத்தார். குரங்குக்கு இரண்டு கூட்டம் இல்லை, ஒன்றுதான், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்றார். தாய் தகப்பன் கதையையும் சொன்னார். பெரிய சொல் ஒன்றும் பாவிக்காமல், சந்தையில் கதைக்கிற மாதிரிச் சொன்னார். யாரோ பின்னால் இருமினார்கள். தலைவர் பாவம், பொன்னாடையை விரித்தபடியே நின்றார். "அப்ப இதை என்னம்மா செய்யிறது?" என்று ஒலிவாங்கிக்குள்ளேயே கேட்டுவிட்டார். "பிழையைக் கண்டுபிடிச்ச ஆளுக்குப் போத்துங்கோ," என்றார் மச்சாள். "அது ஆர்?" என்றார் தலைவர். "அதுவும் நான்தான்." சபை சிரித்தது பாருங்கள், கூரை ஓடு அசைந்திருக்கும். தலைவர் பொன்னாடையைப் போர்த்தினார். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் பாராட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இவ்வளவு படித்தும் குரங்கின் தாய் தகப்பனைத் தெரியாமலா எழுதினாள் என்று வெளியே போகும்போது ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது, மச்சாளின் காதிலும் விழுந்தது. "அவர் சொல்லுறது சரிதானே," என்றார்.

வெளிநாட்டுக் குழுக்கள் என்ன சொல்லும் என்றுதான் நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். முதலில் வந்த பதில்கள் மரியாதையானவை, குளிர்ந்தவை. பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் நிறமூர்த்தங்களிலும் அந்தக் கோட்டின் பள்ளங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினார்கள். எங்களைப் போல் களையெடுப்பை விட்டவர்கள் அல்ல அவர்கள். இருந்தும் களை தப்பியிருந்த இடங்கள் அங்கேயும் இருந்தன. தாயையும் தகப்பனையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொருவரின் பிரதியையும் முழுசாக ஒட்டுவது என்று வேலை மறுபடி தொடங்கியது. மச்சாள் ஒருமுறை பார்த்துச் சரி சொன்ன பிறகே ஒரு நிறமூர்த்தத்தை வெளியிடுவது என்று அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். அதற்கென்று பதவியோ பட்டமோ கிடையாது. மச்சாள் ஒவ்வொன்றையும் பிளேன்ரீயோடு இருந்து பார்த்தார்.

நேர்முகம் அதற்கிடையில் நடந்தது. விண்ணப்பத்தின் முதல் வரியை மச்சாள் தானே வெட்டியிருந்தார். நான் வெளியே நடையோரம் போட்டிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனவர் கனநேரம் இருக்காமல் வந்துவிட்டார். பொன்னாடை போர்த்திய நாளில் இருந்த துடுக்கு முகத்தில் இல்லை. "என்ன கேட்டவை?" என்றேன். அறிவியலுக்கு நீங்கள் செய்த முக்கியமான பங்களிப்பு ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார்களாம். "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"இருக்கெண்டு நான் சொன்ன ஒண்டை, இல்லையெண்டும் நானே சொன்னனான் எண்டன்."

"அதுக்கு அவை?"

"புள்ளி போடுற தாளைப் பாத்தவை. அப்பிடி ஒரு பிரிவு அதிலை இல்லை."

அப்போதுதான் அவர் அழுதார். எனக்குத் தெரிய ஒரே தரம். வாங்கில் என் பக்கத்தில் இருந்து, சேலைத் தலைப்பால் முகத்தை மூடாமல், மாணவர்கள் போய்வருகிற நடையில் எல்லாரும் பார்க்க அழுதார். சிரிப்பையும் கோபத்தையும் அடக்கத் தெரியாதவருக்கு இதை மட்டும் எப்படி அடக்கத் தெரியும்? எனக்கு அந்தப் பதவி வேணும் எண்டு எப்பவும் சொன்னனான்தானே என்றார். ஓம் மச்சாள் என்றேன்.

பதவி கிடைக்கவில்லை. முதுநிலை விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார். இப்போது காலையில் சுன்னாகம் சந்தைக்குப் போய் மரக்கறிக்காரரோடு சண்டை பிடிக்கிறார், மாலையில் என் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு அவளோடு சிங்களத்தில் பிழையாகக் கதைக்கிறார். அவள் திருத்தினால் சந்தோசமாக ஏற்றுக்கொள்கிறார். ஒராங்குட்டானின் ஜீனோம் முழுவதும் முடிந்துவிட்டது. உலகில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். நான் சில வேளைகளில் திறந்து, எங்கள் நிறமூர்த்தத்தில் அந்த இடம் வரை போவேன். தாயின் பிரதியில் ஒரு கூட்டம் இருக்கிறது, தகப்பனின் பிரதியில் ஒரு கூட்டம் இருக்கிறது. கோடு இறங்காமல் ஒரே உயரத்தில் போகிறது. இரண்டாவது கூட்டம் ஒன்று அங்கே ஒரு காலம் நின்றது என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை, மச்சாளின் பெயரும் இல்லை. அங்கே அந்தப் பிழை இல்லாமல் இருக்கிறதே, அதைச் செய்தவர் அவர்தான்.